பெட்டிக்கு அடியில் ஓர் ஊர்

கடற்பக்கச் சன்னல் வழியே நுழையும் காலை வெயில், ஐரோப்பியத் துறைமுகமான பாரி நகரத்து வகுப்பறையில் தொங்கும் ஐரோப்பா வரைபடத்தைப் பாதி வெளுக்கச் செய்கிறது. பிறந்த ஊரில் சிவப்புக் குண்டூசி குத்த வேண்டும்; அதுவே இன்றைய வாய்மொழித் தேர்வு. பாரியின்மேல் ஊசிகள் நெருக்கியடித்து நிற்கின்றன. சென்ற ஆண்டு ஜார்ஜியாவிலிருந்து வந்து சேர்ந்த தம்தாவின் கை மட்டும் கருங்கடலைத் தாண்டிக் கிழக்கே சென்று நின்றுவிடுகிறது. அவ்விடத்தில் நிறங்களுக்கு விளக்கம் தரும் வெள்ளைப் பெட்டி அச்சிடப்பட்டிருக்கிறது.

"நான் பொறந்த குட்டாய்சி இங்கதான் இருக்கணும் டீச்சர்."

"பச்சைன்னா சமவெளி, பழுப்புன்னா மலை, அதுக்கு அடியில நம்ம தம்தா!" என்கிறான் சவேரியோ. வகுப்பு சிரிக்கிறது. முதல் வரிசை மிரெல்லா சிரிக்கவில்லை. "அவ ஊரு ஐரோப்பாவா, ஆசியாவா டீச்சர்? அந்தப் பக்கத்து மலைதான் எல்லைன்னு நீங்கதானே சொன்னீங்க?"

சொன்னவள் நான்தான், ஆண்டுதோறும், தயங்காமல். மலையின் எந்தப் பக்கம் என்று இதுவரை எவரும் கேட்டதில்லை.

"அப்ப எனக்கு மார்க் உண்டா, இல்லையா?" தம்தாவின் விரல்களுக்கிடையே குண்டூசி சுழல்கிறது, அவள் காது மடல்கள் சிவந்திருக்கின்றன. முழு வாக்கியத்தில் விடை கூறாத எவரையும் நான் அமரவிட்டதில்லை. இப்போது நானே எழுந்து வரைபடத்திடம் போகிறேன். வகுப்பு முழுவதும் பார்த்திருக்க, அச்சுக்கு அடியில் அவ்வூர் இருக்கக்கூடும் என்பதுபோல, என் நகம் அந்தப் பெட்டியின் ஓரத்தைச் சுரண்டிக்கொண்டிருக்கிறது.