நூற்றெழுபது வாட்

வெயிலின் மீது மனிதன் கொண்ட வெற்றி, 1984 மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல் பதினொன்றரை மணிக்கு, கோவில்பட்டிக்குக் கிழக்கே ஒன்பதாவது மைலில் முழுமையடைந்தது.

அப்படித்தான் வன்னியபெருமாள் நினைத்தார். மதுரையிலிருந்து கூலர் வந்து இரண்டு நாள் ஆகியிருந்தது.

தகரப் பெட்டி. பக்கங்களில் நார் அடைத்த தட்டி, உள்ளே விசிறி, அடியில் தொட்டி. தொட்டித் தண்ணீரைச் சின்ன பம்பு ஒன்று மேலேற்றி நாரை நனைக்கும். ஈர நார் வழியாக உள்ளே போகும் காற்று, முன்பக்கமாகக் குளிர்ந்து வரும். அந்தக் கரிசல் வட்டாரத்தில் வேறு யார் வீட்டிலும் அது இல்லை.

அவர் மகன் செண்பகராஜுக்கு முப்பத்து மூன்று வயது முடிந்திருந்தது. இதுவரை மூன்று பெண் வீட்டார் வந்து வீட்டைப் பார்த்து, ஊருக்குப் போய்க் கடிதம் போடுவதாகச் சொல்லிப் போயிருந்தார்கள். தபால்காரர் மீது வன்னியபெருமாளுக்கு இன்னும் சந்தேகம் தீரவில்லை.

இன்றைக்கு நான்காவது. பெண்ணின் அப்பா மந்திரமூர்த்தியும் அம்மா சீனித்தாயும் குளத்தூரிலிருந்து இரண்டு பஸ் மாறி, மெயின் ரோட்டிலிருந்து ஊருக்குப் பிரியும் விலக்கில் இறங்கி, நிழலில்லாத ரோட்டில் நடந்து வந்து இப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தார்கள்.

'வாங்க' என்று சொன்ன அதே மூச்சில் வன்னியபெருமாள் கூலரைக் காட்டினார். சுவிட்சின் பக்கத்தில் நின்ற செண்பகராஜ் அதைப் போட்டான். அன்று அவனுக்கு ஒதுக்கப்பட்ட வேலை அது ஒன்றுதான்.

இதில் ஒரு சிறு சிக்கல் இருந்தது. எவ்வளவு மின்சாரம் பிடிக்கும் என்று எழுதிய தகடு கூலரின் முதுகில் இருந்தது. தகட்டை விருந்தாளிகள் பார்த்தாக வேண்டும். அதனால் கூலரின் முதுகு அவர்கள் பக்கமும் முகம் சுவர்ப் பக்கமுமாகத் திருப்பி வைக்கப்பட்டிருந்தது.

குளிர்ந்த காற்று முழுவதும், சுவரில் தொங்கிய தீப்பெட்டி ஆபீஸ் காலண்டருக்குப் போயிற்று.

"தகட்டைப் பாருங்க மச்சான்" என்றார் வன்னியபெருமாள். சம்பந்தம் முடிவதற்கு முன்பே முறை வைத்துக் கூப்பிடுவது நல்லது என்பது அவர் கட்சி. "நூத்தியெழுவது வாட். மூணு குண்டு பல்பு எரியுத கரண்டுதான். அஞ்சு மணி நேரம் ஓடினாலும் ஒரு யூனிட்டைத் தாண்டாது. இதே ஏ.சி. மிஷினுன்னா மணிக்கு ரெண்டு யூனிட்டு திங்கும். பொருளு வாங்குதவன் பெயிண்டைப் பாக்கப்படாது. தகட்டைப் பாக்கணும்."

மந்திரமூர்த்திக்கு இங்கிலீஷ் தெரியாது. மரியாதைக்காகத் தகட்டை அதிக நேரம் பார்த்தார். நெற்றி வியர்வை மூக்கு நுனியிலிருந்து சொட்டியது.

"உங்க பொண்ணு இந்தக் காத்துலதான் இருக்கப் போறா" என்று வன்னியபெருமாள் முடித்தார்.

காலண்டர் படபடத்தது.

சீனித்தாய் தகட்டைப் பார்க்கவில்லை. முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு கீழே தொட்டியைப் பார்த்தாள்.

"கரண்டு சரி அண்ணாச்சி. தண்ணி மணிக்கு எத்தன குடம் குடிக்கும்?"

வன்னியபெருமாள் குனிந்து தகட்டை இன்னொரு முறை படித்தார். குடத்தைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

"தண்ணிக்கு என்ன தங்கச்சி, மீட்டரா ஓடுது?" என்று சிரித்தார். மந்திரமூர்த்தியும் சிரித்தார்.

சீனித்தாய் சிரிக்கவில்லை. விலக்கிலிருந்து வருகிற வழியில், காலிக் குடங்களோடு எதிரே போன பெண்களை நிறுத்தி அவள் விசாரித்திருந்தாள். நல்ல தண்ணீர்க் கிணறு ஒன்றரை மைல். ஆள் ஒருத்திக்கு ஒரு நடைக்கு ஒரு குடம். அவள் மகளுக்கு இடுப்பு ஒன்றுதான்.

இருந்தாலும் பையன் குனிந்த தலை நிமிராமல் நிற்கிறான். நிலம் இருக்கிறது. தீப்பெட்டி ஆபீஸில் மேஸ்திரி வேலை இருக்கிறது. சரி என்று சொல்லிவிடலாமா என்று அவளுக்கு ஒரு நினைப்பு ஓடத்தான் செய்தது.

அப்போது கூலரின் சத்தம் மாறியது. பம்பு கரகரவென்று இழுத்தது.

வன்னியபெருமாள் பேச்சை நிறுத்தினார். அடுக்களைப் பக்கம் திரும்பி ஒரு முறை இருமினார்.

அவர் மனைவி சொர்ணத்தாய் வெளியே வந்தாள். புதுச்சேலை. இடுப்புப் பக்கம் மட்டும் நனைந்திருந்தது. கையில் எவர்சில்வர் செம்பு. விளிம்பு வரைக்கும் தண்ணீர்; சிந்திவிடாமல், அடிமேல் அடி வைத்து நடந்து வந்தாள்.

மந்திரமூர்த்தி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். சீனித்தாய் இந்த வீட்டுக்குள் வந்து முதல் முறையாகச் சிரித்தாள்.

"குடுங்க மதினி" என்று வலது கையை நீட்டினாள்.

சொர்ணத்தாய் அந்தக் கையைச் சுற்றிக்கொண்டு போனாள். கூலரின் முதுகுப் பக்கம் குனிந்தாள். செம்பைக் கவிழ்த்து, கடைசிச் சொட்டு விழும்வரை ஆட்டினாள்.

கரகரப்பு நின்றது.

"பாத்தியளா, சத்தமே இல்ல" என்றார் வன்னியபெருமாள்.

சீனித்தாயின் கை இன்னும் நீண்டபடியே இருந்தது.

அந்த வீட்டில் அன்றைக்கு வேறு தண்ணீர் இல்லை.