நானாத்தான் விலகிக்கிறேன்

திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் பதினொரு வருடம் தைத்த தர்ஷினி, திடீரென்று ராஜினாமா எழுதிக் கொடுத்தாள். அங்கேயே வேலை பார்க்கும் கணவன் நவநீதன், தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று ஒரு வாரமாக அவளோடு பேசவில்லை.

ராஜினாமா செல்லுபடியாக, சொல்வது மனதாரவா என்று குரலை வைத்தே கண்டறியும் தொழிலாளர் அலுவலகத்துக் கருவியின் முன் அதை வாயால் சொல்ல வேண்டும். அவனும் கூடப் போனான்.

"நானாத்தான் விலகிக்கிறேன்," என்றாள் தர்ஷினி.

"இது விருப்பம் இல்லை, பயம்," என்றது கருவி.

"என்ன பயம்மா?" என்று அங்கிருந்த அதிகாரி கேட்டார்.

அவள் அழுதுவிட்டாள். "எழுதித் தராட்டி இவரையும் அனுப்பிருவேன்னு மேனேஜர் சொன்னாருங்க."

அதிகாரி ராஜினாமாவை ரத்து செய்து, நியாயமற்ற பணிநீக்கம் என்று பதிந்தார்.

நவநீதன் அவள் கையைப் பற்றிக்கொண்டான். "எங்கிட்டச் சொல்லியிருந்தா ரெண்டு பேருமே போயிருப்போம், அம்மிணி."