மோனிஷாவின் கைராசி

"ஏன் தீபி, நூத்தி நாப்பத்திரண்டு பேருக்கு மெசேஜ் அனுப்பற. உங்க பெரியம்மா பேரை மட்டும் காணோமே?"

கணவன் நந்தகுமார் கேட்டதும் தீபிகா அந்தத் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அவளுடைய ஆன்லைன் கடை திறக்கிறது. நாமகிரிப்பேட்டை மஞ்சளில் அரைத்த குளியல் பொடி. இருந்த வேலையை விட்டுவிட்டு இறங்கியிருந்தாள். யாருக்கு விற்பது, என்ன சொல்லி விற்பது, முதல் நாள் யார் யாருக்குத் தகவல் சொல்வது என்று ஒரே தாளில் மார்க்கெட்டிங் பிளான். எம்.பி.ஏ. படித்தவள் அல்லவா, பிளான் அம்சமாகத்தான் இருந்தது.

"விட்டுப்போச்சுங்க" என்றாள்.

"நம்பர் என்கிட்ட இருக்குது. எழுதிக்க."

"வேண்டாங்க. ரெண்டு நாள் கழிச்சுச் சொல்லிக்கலாம்."

"ஏனாம்?"

தாளில் எழுதக் கூச்சப்பட்டதை இப்போது வாயால் சொல்ல வேண்டியதாயிற்று.

"முதல் போணி நல்ல கையில ஆகட்டும்னுதானுங்க. பெரியப்பா போயி ஏழு வருஷமாச்சு. நாம விக்கறதோ பூசற மஞ்சள். நாலு பேர் ஒண்ணு சொல்லுவாங்கல்ல?"

"சொல்றது நாலு பேரா, நீயா?"

தீபிகா பேனாவை மூடி வைத்தாள். அம்மா வேலைக்குப் போன காலத்தில் அவளைக் குளிப்பாட்டி, தலைசீவி, பள்ளிக்கூடம் அனுப்பியது வள்ளியாத்தாள் பெரியம்மாவின் கைதான். இப்போது எங்கேயோ வெளியூரில் ஒரு ஹாஸ்டலில் சமையல் வேலை. நினைக்க வெட்கமாகத்தான் இருந்தது. இருந்தும் அந்தப் பேரை அவள் எழுதவில்லை.

மறுநாள் ஒன்பது மணி ஆனது. பத்து ஆனது. வாழ்த்து வந்தது, பூங்கொத்துப் படம் வந்தது, ஆர்டர் மட்டும் வரவில்லை. மத்தியானம் அம்மாவுக்குப் போன் செய்து அழுதே விட்டாள்.

ஒன்றே முக்காலுக்குப் போன் டிங்கென்றது. இரண்டு பாக்கெட். மோனிஷா, ஆத்தூர்.

யாரென்றே தெரியாத மகராசி. அதற்குப் பிறகு சாயங்காலத்துக்குள் ஏழு ஆர்டர், மாதக் கடைசிக்குள் நூறைத் தாண்டிவிட்டது. பார்ப்பவர்களிடமெல்லாம் மோனிஷாவின் கைராசியைச் சொல்லிச் சொல்லித் தீபிகாவுக்கு வாய் ஓயவில்லை.

அடுத்த மாதப் பிளானில் முதல் வரியே அதுதான். முதல் போணி செய்த வாடிக்கையாளரின் போட்டோவும் நாலு வார்த்தையும் கடைப் பக்கத்தில் போடுவது. நந்தகுமாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே ஆத்தூர் நம்பருக்கு ஸ்பீக்கரில் போன் போட்டாள்.

"அய்யோ மேடம், நான் வெறும் வார்டன். ஆர்டர் போட்டுக் கொடுத்தேன், அவ்வளவுதான்" என்றாள் மோனிஷா. "வாங்கினது எங்க ஹாஸ்டல்ல சமைக்கிற அம்மா. அவங்க பேர் வேண்டாம், என் பேர்லயே, எங்க வீட்டு அட்ரஸுக்கே போடச் சொன்னாங்க. பக்கத்துலதான் இருக்காங்க, கொடுக்கறேன்."

தீபிகா போனை அருகில் இழுத்தாள்.

"நாந்தான் சாமி" என்றது பழகிய குரல். "ஒண்ணுகூடப் போகலீன்னு நீ அழுததா உங்கம்மா சொன்னா. மனசு கேக்கல. அதான் இந்தப் புள்ள பேருல வாங்கினேன்."

"உங்க பேர்லயே வாங்கியிருக்கலாமே பெரீம்மா." சொல்லும்போதே தீபிகாவுக்கு நாக்குக் கூசியது.

"எல்லாருக்கும் சொல்லிப்போட்டு என்னைய மட்டும் உட்டப்பவே புரிஞ்சுக்கிட்டேன் கண்ணு. அதுல தப்பொண்ணுமில்ல. பாக்கெட்டைக்கூட நானு பிரிக்கல, பத்திரமா வெச்சிருக்கறேன்."

அவமானத்தில் தீபிகாவால் கணவன் முகத்தை ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை.

"பெரீம்மா, உங்க போட்டோவைத்தான் போடப்போறேன். நாளைக்கே ஆத்தூருக்கு வாரேன்."

"நீ வா சாமி, தாராளமா வா. போட்டோ மட்டும் போட்டுராத. யாவாரம் இப்பத்தான் நல்லாப் போவுது."