அளவு தாண்டிய பேட்ஜ்

அணு உலைக்குள் வேலைக்குப் போகிறவன் சட்டையில் ஒரு பேட்ஜைக் குத்திக்கொள்ள வேண்டும். உடம்பில் ஏறும் கதிர்வீச்சை அது காட்டிக்கொடுத்துவிடும். அளவு தாண்டினால் வருஷம் முடியும்வரை உள்ளே விடமாட்டார்கள்.

"வேலை வேணுமா, பேட்ஜ் வேணுமா மாப்ள?" என்றான் ஃபிட்டரின் மச்சான். உலையில் பழம் தின்று கொட்டை போட்டவன். "கழட்டி லாக்கர்ல போட்டுட்டுப் போ. நான் வேற என்னத்த பண்றேன்னு நெனச்ச?"

ஃபிட்டர் அப்படியே செய்தான்.

மாதக் கடைசியில் பாதுகாப்பு அதிகாரியம்மா கூப்பிட்டார். துணைக்கு மச்சானும் போனான்.

"உங்க பேட்ஜ் அளவு தாண்டிடுச்சு. நாளையிலேருந்து வராதீங்க."

"தாண்ட வழியே இல்லைங்க மேடம்."

"எப்படி அவ்வளவு உறுதியா சொல்றீங்க?"

ஃபிட்டர் மச்சானைப் பார்த்தான். மச்சான் கூரையைப் பார்த்தான். வீட்டில் அடுப்பெரிய வேண்டுமே என்று ஃபிட்டர் உண்மையைச் சொல்லிவிட்டான்.

"அது லாக்கரை விட்டு நகரவே இல்லைங்க."

"அப்போ உங்க லாக்கர்தான் உலைக்குள்ள வேலைக்குப் போச்சா?"

அதிகாரியம்மா கதிர்வீச்சு அளக்கும் கருவியோடு உடைமாற்றும் அறைக்கு நடந்தார். லாக்கரைத் திறந்ததும் கருவி கத்தியது. பேட்ஜ் கிடந்த இடத்துக்கு அடியில், துண்டில் சுற்றிய ஸ்பேனர். கதிர்வீச்சு ஏறியது, உலையை விட்டு வெளியே வரவே கூடாதது.

"வீட்டுக் குழாய் ஒழுகுதுன்னு எடுத்தேங்க" என்று முனகினான் ஃபிட்டர்.

மச்சானுக்குப் பொறுக்கவில்லை. "பேட்ஜை மட்டும்தானய்யா லாக்கர்ல வைக்கச் சொன்னேன்."

அதிகாரியம்மா மெதுவாக அவன் பக்கம் திரும்பினார்.

"உங்க லாக்கர் எது?"