ஒரே சீரான சத்தம்

"புது ரம்ப மெஷினை ஓட்டிப் பாக்கறேன். நீ உள்ளே வராதே, தூசி" என்று சொல்லிவிட்டுப் பட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டார் கணவர்.

ஒரு மணி நேரமாக ஒரே சீரான சத்தம். பலகை அறுபட்டால் சத்தம் மாறுமே!

"என்னங்க…"

மூன்று முறை கூப்பிட்டுப் பார்த்தாள் மனைவி. ரம்பத்தில் கையைக் கொடுத்துவிட்டாரோ? கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினாள்.

ரம்பம் வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தது. மூலையில் உட்கார்ந்து, அவளுடைய ஸ்கேன் ரிப்போர்ட்டை மடியில் வைத்துக்கொண்டு, அவர் குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தார்.

"நான் அழறது உனக்குக் கேட்டுடக் கூடாதுன்னுதான்…"

அவள் மெஷினை நிறுத்தினாள்.

"டாக்டர் எங்கிட்ட போன வாரமே சொல்லிட்டாருங்க. நான் தினமும் மிக்ஸியை ஓடவிட்டுத்தான் அழறேன்."