கல்லுக்கு மேல் ஒரு கை

சித்திரபுரத்துக்கு மேலே, தேயிலை மேட்டில் விடிந்துகொண்டிருக்கிறது. ஐந்து கூடாரங்களிலும் சுற்றுலா வந்தவர்கள் இன்னும் தூங்குகிறார்கள். தார்ப்பாய்க்குக் கீழே, விறகடுப்பில் வார்ப்பிரும்புத் தோசைக்கல் காய்கிறது. நேற்று ஒரு விருந்தாளி, உதவுகிறேன் பேர்வழி என்று சோப்புப் போட்டுத் தேய்த்ததில் நன்றாகப் பழகியிருந்த கல் வெளிறிப்போயிருக்கிறது. சமையல்காரி மாரீஸ்வரி அரை வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுத் தேய்த்து அதை மறுபடி பழக்கிக்கொண்டிருந்தாள்; இப்போது கை நின்றுவிட்டது. கடைசிக் கூடாரத்தை ஒட்டி, பனிமூட்டத்துக்குள் கொம்பன் யானை ஒன்று நிற்கிறது. காதுகள் மட்டும் ஆடுகின்றன. கல்லில் எண்ணெய் புகைகிறது. கூடாரம் கட்டும் ஜோபி தண்ணீர்ச் செம்பை எடுக்கிறான்.

“பொக அது மூஞ்சிக்குப் போகுதுக்கா. ஊத்தி அணச்சிரட்டுமா?”

“ஊத்திராதப்பா. காஞ்ச கல்லு, டமார்னு வெடிச்சிரும். சத்தம் கேட்டா டென்ட்ட மிதிச்சுக்கிட்டுத்தான் வரும்,” என்கிறாள் உதடு அசையாமல்.

செம்பு இறங்குகிறது. தார்ப்பாயின் மடிப்பில் இரவெல்லாம் சேர்ந்த பனிநீர், கல்லுக்கு நேர் மேலே நுனியில் திரண்டு தொங்குகிறது. ஒரு சொட்டு விழுகிறது. ‘சுர்ர்’ என்கிறது கல். சத்தத்தைக் கூர்ந்து கேட்பதுபோல் யானையின் காதுகள் நின்றுவிடுகின்றன. அடுத்த சொட்டு பருக்கிறது. மாரீஸ்வரி கையை நீட்டி, கல்லுக்கு மேலே உள்ளங்கையைக் குழித்துப் பிடிக்கிறாள். சொட்டு கையில் விழுகிறது. புறங்கையில் அனல் ஏறுகிறது. உள்ளங்கை நிறைந்துகொண்டே வருகிறது. காதுகள் இன்னும் அசையவில்லை.