அணிலம்மாவின் வாடகைப் பொந்து

வேப்பமரத்தில் அணிலம்மாவுக்கு இரண்டு பொந்துகள். ஒன்றில் அவள் இருந்தாள், மற்றதை மாதம் பத்து வேர்க்கடலைக்கு வாடகைக்கு விட்டிருந்தாள்.

மழை வந்தால் வாடகைப் பொந்தில் ஓதம் ஏறிவிடும். குடிவந்தவர்கள் காலி செய்துவிடுவார்கள். ஒவ்வொரு முறையும் தூக்கணாங்குருவிக்குக் கடலை கொடுத்து, உட்சுவரில் புதுப் பஞ்சு ஒட்ட வைப்பாள். வாடகையில் பாதிக்கு மேல் அதற்கே போனது.

இப்போது குடியிருந்த மைனா ஈரச் சிறகோடு வந்து நின்றாள்.

"முட்டையெல்லாம் நனையுது, வீட்டுக்காரம்மா. நாளைக்கே காலி பண்றேன்."

"இன்னொரு தடவை பஞ்சு வச்சுத் தரேனே!"

"தண்ணி மேலேயிருந்துல்ல வருது? அங்கே என்னதான் வச்சிருக்கீங்க?"

அணிலம்மா அண்ணாந்து பார்த்தாள். மேலே கிளைக் கவட்டையில் ஓர் ஓட்டை இருந்தது. மழைநீர் அதன் வழியாகத்தான் வெளியே ஓட வேண்டும். வாங்கிய வாடகையில் மிச்சம் பிடித்ததையெல்லாம் யாருக்கும் தெரியாமல் அவள் திணித்து வைத்தது அந்த ஓட்டையில்தான்.

ஏறிப்போய்த் தோண்டி எடுத்தாள். தேங்கிய தண்ணீர் சலசலவென்று வெளியே ஓடியது. கடலைகள் ஊறி முளைவிட்டிருந்தன.

"அப்போ இந்த மாச வாடகையை எங்கே வைப்பீங்க?" என்று கேட்டாள் மைனா.

அணிலம்மா ஒரு முளைக்கடலையை அவளிடம் நீட்டிவிட்டு, இன்னொன்றைத் தன் வாயில் போட்டுக்கொண்டாள்.

"இங்கேதான்."